நம் ஊருக்குப் படிக்க வந்தவர்கள்

பெங்களூர்க் கடைத்தெருவில் அவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோளில் பை. கையில் செல்போன். காய்கறிக் கடையில் விரலை நீட்டி விலை கேட்பார்கள். நிறத்தில் நம்மில் பலருக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் தெருவே அவர்களைத் திரும்பிப் பார்க்கிறது.

அவர்கள் யார்? எங்கிருந்து வருகிறார்கள்?

தான்சானியா, சூடான், நைஜீரியா, காங்கோ போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறார்கள். ஏமனிலிருந்தும் ஈரானிலிருந்தும்கூட வருகிறார்கள். கம்ப்யூட்டர், நர்சிங், மருந்தியல், வணிகவியல் என்று இங்குள்ள கல்லூரிகளில் படிக்கிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஐரோப்பாவில் படிப்பதைவிட இங்கே செலவு குறைவு. அதனால்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

தான்சானியாவை எடுத்துக்கொள்வோம். அது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள நாடு. அதன் பெரிய நகரம் தார் எஸ் சலாம். சென்னையைப் போலக் கடலோர ஊர். சென்னையைப் போலவே புழுக்கம். நமக்கும் அவர்களுக்கும் நடுவே இருப்பது இந்தியப் பெருங்கடல்தான். அந்த ஊரிலிருந்து வருகிறவருக்குப் பெங்களூர் மார்கழிக் குளிர் புதிது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வந்த முதல் டிசம்பரிலேயே ஸ்வெட்டர் வாங்க ஓட வேண்டியதுதான்.

வந்தவுடன் முதல் வேலை பதிவு. வெளிநாட்டு மாணவர் விசாவோடு வருவார். விசா என்றால் ஒரு நாட்டுக்குள் வந்து தங்க அந்த நாடு தரும் அனுமதி. நீண்ட காலம் தங்குகிறவர் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். வீடு கொடுப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும். இதற்குப் பயந்தே பலர் வீடு தர மறுக்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. இன்று கம்ப்யூட்டரிலேயே பதிந்துவிடலாம்.

வீடு தேடுவதுதான் பெரும்பாடு. பெங்களூரில் அட்வான்ஸ் பத்து மாத வாடகை வரை கேட்பது பழைய வழக்கம். உள்ளூர்க்காரருக்கே மூச்சு முட்டும். மாணவர் விசாவில் வந்தவர் சாதாரணமாக இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. ஊரிலிருந்து அப்பா அம்மா அனுப்பும் பணம்தான் எல்லாம். அந்தப் பணம் ஒரு வாரம் தாமதமானால் அந்த வாரம் அரைவயிறுதான்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். தான்சானியா மக்களின் தினசரி உணவு 'உகாலி'. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிக்கும் நீரில் போட்டுக் கட்டியில்லாமல் கிளறுவார்கள். கெட்டியானதும் இறக்கி, கையால் பிய்த்து, கீரையோ மீன் குழம்போ தொட்டுச் சாப்பிடுவார்கள். இது என்ன? நம் வீட்டுக் களிதானே! கர்நாடகத்தில் இதையே கேழ்வரகில் செய்து 'ராகி முத்தே' என்கிறார்கள். அந்த வெள்ளை மாவு இங்கே எளிதில் கிடைப்பதில்லை. சிலர் ரவையைக் கிளறி ஒப்பேற்றுகிறார்கள்.

கேழ்வரகைப் பற்றி இன்னொரு செய்தி. அது முதலில் விளைந்தது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. நம் கூழும் களியும் அந்த மண்ணிலிருந்து வந்தவை. கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சும் பழக்கம் தான்சானியாவில் இன்றும் உண்டு.

அவர்கள் பேசுவது சுவாஹிலி மொழி. அதில் தேநீருக்கு 'சாய்' என்றுதான் பெயர். சப்பாத்தி சப்பாத்திதான். கடைக்கு 'துகா' என்பார்கள். இந்தியில் உள்ள 'துகான்' என்ற சொல்லைப் போலவே இருக்கிறது. பழைய காலத்தில் குஜராத் வியாபாரிகள் அந்தக் கரையில் கடை வைத்தார்கள். சரக்கோடு சொல்லும் போனது. ஆட்டோவுக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? 'பஜாஜி'. நம் நாட்டு பஜாஜ் கம்பெனி ஆட்டோக்கள் அங்கே ஓடுகின்றன. கம்பெனிப் பெயரே வண்டிப் பெயராகிவிட்டது.

இங்கே வந்தபின் அவர்கள் கன்னடம் கொஞ்சம் கற்றுக்கொள்கிறார்கள். 'எஷ்டு' என்றால் எவ்வளவு. 'பேடா' என்றால் வேண்டாம். இந்த இரண்டு சொல் இருந்தால் சந்தையில் பிழைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றும் நாள். சிலர் காலையில் சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்துக்குப் போவார்கள். அங்கே தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் பூசை நடக்கிறது. முஸ்லிம் மாணவர்கள் வெள்ளிக்கிழமை மசூதிக்குப் போகிறார்கள். பிறகு பஸ்ஸிலோ மெட்ரோ ரயிலிலோ ஏறினால் விதான சௌதா, கப்பன் பூங்கா. பெங்களூரில் மெட்ரோ ஓடத் தொடங்கியது 2011-இல். அல்சூர் ஏரிப் பக்கம் போனால் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 2009-இல் திறந்த சிலை. இந்தப் பெரியவர் யார் என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்ல அங்கே தமிழர்களுக்குக் குறைவில்லை.

எல்லோரும் போகும் இடம் லால்பாக். 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. 1889-இல் கண்ணாடி மாளிகை வந்தது. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் அங்கே மலர்க் கண்காட்சி நடக்கும். தோட்டத்துக்குள் ஒரு பெரும்பாறை உண்டு. அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டு. அதன்மேல் ஏறி நின்று, ஊரில் உள்ள அம்மாவுக்கு வீடியோவில் பெங்களூரைக் காட்டலாம். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். இங்கே மாலை ஆறு மணி என்றால் அங்கே மதியம் மூன்றரை.

பெங்களூர்ச் சாலை ஓரங்களில் நெருப்பு நிறத்தில் பூக்கும் ஒரு மரம் இருக்கிறது. விரியாத மொட்டைக் கிள்ளி அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும். பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவார்கள். அந்த மரத்துக்கு ஆப்பிரிக்க டூலிப் என்று பெயர். அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான்.

ஆனால் எல்லா நாளும் லால்பாக் நாள் அல்ல.

2016 ஜனவரி 31 இரவு. பெங்களூரின் ஹெசரகட்டா பக்கம். சூடான் நாட்டவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி உள்ளூர்ப் பெண் ஒருவர் இறந்தார். கூட்டம் கூடியது. அந்தக் காருக்குத் தீ வைத்தது. சுமார் அரை மணி நேரம் கழித்து வேறொரு கார் அந்த வழியே வந்தது. அதில் தான்சானியா மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் 21 வயது மாணவி. விபத்து நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. கூட்டம் அவர்களை வெளியே இழுத்து அடித்தது. அந்தக் காரும் எரிந்தது. பிறகு போலீசார் சிலரைக் கைது செய்தார்கள். கடமை தவறியதாகச் சில போலீசார் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். தான்சானியாவின் தூதரே பெங்களூருக்கு வந்தார்.

சூடான் வேறு. தான்சானியா வேறு. இரண்டுக்கும் பொது எல்லைகூடக் கிடையாது. அங்கே அரபு மொழி. இங்கே சுவாஹிலி. கூட்டம் பார்த்தது நிறத்தை மட்டும்தான்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. 1991 டிசம்பரில் காவிரித் தகராறு வந்தது. தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அடி வாங்கிய கூலித் தொழிலாளிக்கும் காவிரி அணைக்கும் என்ன சம்பந்தம்? பேசிய மொழி ஒன்றுதான் சம்பந்தம்.

நம்மவர்களும் கடல் கடந்து படிக்கப் போயிருக்கிறார்கள். கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னையில் கப்பல் ஏறினார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். அவர் சுத்த சைவம். தானே சமைத்துச் சாப்பிட்டார். அதே ஆண்டு உலகப் போர் வந்தது. வேண்டிய பொருள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. இரவில் குளிர் தாங்காமல் கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பார். கட்டிலில் கம்பளிகள் இல்லாமல் இல்லை. அவை மெத்தையோடு இறுக்கி மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் அறைக்கு வந்தார். கம்பளியைப் பிரித்துக் காட்டினார். கணக்கில் உலகமே வியந்த மனிதர், போர்வைக்குள் எப்படிப் படுப்பது என்று அன்றுதான் தெரிந்துகொண்டார்.

பெங்களூரில் சில தெருக்களில் அப்படிச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த பஸ் எங்கே போகும், காஸ் எங்கே பதிவது, காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர் என்று கீழ் வீட்டு அக்கா சொல்லிவிடுவார். 'ஊட்டா ஆய்தா?' என்று கேட்பார். சாப்பிட்டாயா என்று அர்த்தம். அந்த மாணவர் கன்னடத்தில் முதலில் புரிந்துகொள்ளும் முழு வாக்கியம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

பேசுங்கள், எழுதுங்கள்

உங்கள் தெருவில் வேறு நாட்டு மாணவர் இருக்கிறாரா? அவர் நாட்டின் பெயர் என்ன? அவர் வீட்டுச் சாப்பாட்டில் ஒன்றின் பெயரைக் கேட்டு உங்கள் நோட்டில் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில், நம் சமையலில் அதைப் போல என்ன இருக்கிறது என்றும் எழுதுங்கள்.