காட்சியும் பெயரும்: போர்க்களப் புகைப்படமும் நடுகல் மரபும்

முன்னுரை

தமிழர் தம் வாழ்வை அகம், புறம் எனப் பகுத்துக் கண்டனர். புறத்திணையில் மறவரின் போரைப் பேசிய தொல்காப்பியர், களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் எடுக்கும் முறைக்கும் இலக்கணம் வகுத்தார். வீரனைப் பதிவு செய்யும் அப்பணியை இக்காலத்தில் புகைப்படக் கருவி பெரிதும் ஏற்றுள்ளது. களத்திலுள்ள படைவீரரைப் படம் பிடிக்க அரசுகளே கலைஞரை அனுப்புகின்றன. அக்கலைஞரின் கடமை யாது என்பதை நடுகல் மரபின் துணைகொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசு அனுப்பிய கண்கள்

முதல் உலகப்போரின்போது, 1916-இல், பிரிட்டிஷ் அரசு மியூர்ஹெட் போன் என்னும் ஓவியரைப் பிரான்சு நாட்டுக் களத்திற்கு அனுப்பியது. அந்நாட்டின் அரசுப் போர் ஓவியர் வரிசையில் அவரே முதல்வர். பின்னாளில் இப்பணியில் புகைப்படக் கலைஞரும் இடம்பெற்றனர். 2002-இல் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் பணியேற்று ஆப்கானிஸ்தானம் சென்ற பால் சீரைட் அவர்களுள் ஒருவர்.

நம் நாட்டு வீரரும் இவ்வாறு பதிவு செய்யப்பட்டனர். 1915-இல் கர்ட்வுட் என்பார் அரசின் இசைவு பெற்றுப் பிரான்சில் போரிட்ட இந்தியப் படையினரைப் படம் எடுத்தார். அப்படங்கள் இன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. சில போர்க் காட்சிகள் களத்திற்குப் பின்புறம் நடிக்கச் செய்து எடுக்கப்பட்டவை. எனினும் அம்முகங்கள் மெய்யானவை. ஆனால், பெரும்பாலான படங்களின் குறிப்பில் படைப்பிரிவின் பெயர் உண்டு. வீரனின் பெயர் இல்லை.

பிரான்சிலுள்ள நவ் ஷபேல் என்னும் ஊரில் 1927-இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலோ 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே முகம் இல்லை. ஓரிடத்தில் பெயரற்ற முகங்கள். மற்றோரிடத்தில் முகமற்ற பெயர்கள்! இது முகத்தை எண்ணியும் பெயரை எண்ணியும் வருந்தத்தக்கதன்றோ?

இரக்கமற்ற பார்வை

இதனினும் கொடிய செய்தி ஒன்றுண்டு. சென்னைக் குதிரைப்படை அதிகாரியான ஹூப்பர் புகைப்படக் கலையில் வல்லவர். 1876–78-இல் நேர்ந்த தாது வருடப் பஞ்சம் சேலம், கோவை மாவட்டங்களைப் பெரிதும் வாட்டியதை நாம் அறிவோம். அப்பஞ்ச காலத்தில், எலும்பும் தோலுமாய் நின்ற சென்னை மாகாண மக்களை அவர் படம் எடுத்தார். 1885-இல் பர்மாவின் மீது படையெடுத்த சேனையில் படைக் காவல் தலைமை அதிகாரியாகச் சென்றார். 1886-இல் மாண்டலேயில் மரண தண்டனை பெற்றோர் சுடப்பட்டபோது, குண்டு பாயும் நொடியைப் பிடிக்கும்பொருட்டு, தம் கருவி ஆயத்தமாகும்வரை சுடும் ஆணையை அவர் தாமதப்படுத்தினார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை அது பேசப்பட்டது; விசாரணை நிகழ்ந்தது; அவர் கண்டிக்கப்பட்டார். சாகப்போகும் மனிதனை வெறும் காட்சிப்பொருளாகக் கண்டதே ஈண்டு நேர்ந்த பிழை.

நடுகல் கற்பிப்பது

தொல்காப்பியம் கூறும் கல்நாட்டு முறை ஆறு நிலைகளை உடையது. அது காட்சியில் தொடங்குகிறது, ஆயின் காட்சியோடு நின்றுவிடுவதில்லை, வாழ்த்தில்தான் நிறைவுறுகிறது. வீரனின் பெயரையும் சிறப்பையும் கல்லில் எழுதிப் பீலி சூட்டிய வழக்கத்தை அகநானூறு காட்டும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட, தமிழ்பிராமி எழுத்துடைய நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் வீழ்ந்தவனின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குச் சொல்கிறது. முகம் அதில் இல்லை. ஆயினும் அவன் யார், எங்கு, எதன்பொருட்டு மாய்ந்தான் என்பது விளங்குகிறது. நம் கொங்கு நாட்டுப் புலிகுத்திக் கற்களும், வேங்கையோடு பொருது வீழ்ந்தவரை ஊரார் மறவாது போற்றியதன் சான்றுகளே.

புகைப்படமும் காட்சியில் தொடங்குவதே. பெயரும் செய்தியும் பரிவும் சேராவிடில் அது காட்சியாகவே நின்றுவிடும். உருவப்படம் குறித்து மார்க்க அறிஞரிடையே பலவகைக் கருத்துகள் உண்டு. எனினும், ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்தது அமானிதம் என்பதிலும், அதற்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. களத்தில் நிற்பவனின் முகமும் அத்தகைய அமானிதமே.

முடிவுரை

கருவி எதுவாயினும், வீரனைப் பதிவு செய்வோர்க்கு உண்மை, இரக்கம், பெயர் ஆகிய மூன்றும் இன்றியமையாதன என்பது இதனால் பெறப்படும். நடித்த காட்சி உண்மையைக் கெடுக்கும். தாமதித்த ஆணை இரக்கத்தைக் கெடுக்கும். எழுதாக் குறிப்பு பெயரைக் கெடுக்கும்.

மாணவர்கட்கு ஒரு வேண்டுகோள். நம் ஊர்களில் பல இல்லங்களின் சுவர்களில், சீருடை அணிந்த ஒருவரின் மங்கிய படம் தொங்குகிறது. அவர் யார் என்று சொல்லவல்ல முதியோர் இன்றும் உள்ளனர். நாளை இருப்பர் என்பதற்கு உறுதியில்லை. விடுமுறையில் ஊர் செல்லும்போது, அவர்களிடம் கேட்டு, அப்படத்தின் பின்புறம் அவர் பெயரையும் ஊரையும் பணியாற்றிய களத்தையும் எழுதி வையுங்கள். அதுவே நீங்கள் நடும் நடுகல் ஆகும்.