தோளைச் சுரண்டும் முன்

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் டிரெய்லர் டிரைவர். கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுக கேட் எப்போது நகரும் என்று ராத்திரி முழுக்க வரிசையில் காத்துக் கிடப்பவர். கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வழவழப்பான பச்சைக் கல் தகடு ஒன்றைக் கொண்டுவந்து, “சைனாக்காரங்க இத வச்சுத்தான் முதுகைத் தேய்க்கிறாங்க, வாயுப் பிடிப்பு ஓடிரும்” என்று கொடுத்திருக்கிறார். கணவருக்குத் தேய்த்த மறுநாள் முதுகெல்லாம் வரிவரியாகத் தடித்துவிட்டது. ஷெட்டில் சட்டையைக் கழற்றினால், “எந்த ஸ்டேஷன்ல வாங்கின அடி?” என்று கேட்டார்களாம். ஆனால் தோள் வலி குறைந்திருக்கிறது. தொடரலாமா, சர்க்கரை உள்ள மாமியாருக்கும் தேய்த்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

அந்த வைத்தியத்துக்குப் பெயர் குவாஷா. ‘குவா’ என்றால் சுரண்டுவது, ‘ஷா’ என்றால் அப்போது மேலெழும் செம்புள்ளி. கல்தான் வேண்டும் என்றில்லை. எருமைக் கொம்பு, நாணயம், சூப் குடிக்கும் பீங்கான் கரண்டி என்று கையில் கிடைப்பதை வைத்தே காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். வியட்நாமில் இதைக் ‘காற்றைச் சுரண்டுவது’ என்கிறார்கள். இந்தோனேசியாவில் உடம்பு அசதியாக இருந்தால் ‘காற்று புகுந்துவிட்டது’ என்று நாணயத்தால் முதுகைக் கீறிவிடுவார்கள். நம் ராயபுரத்தில் ‘வாயு புடிச்சிக்கிச்சு’. மூன்று ஊரிலும் பழி காற்றின் மேல்தான். காலால் பிறந்தவரைத் தேடிப்பிடித்துச் சுளுக்கு மிதிக்கச் சொல்கிற நாம் சீனாக்காரரைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

அந்தத் தடிப்பு உள்ளிருந்து வெளியேறும் நச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து கசிந்த ரத்தம் அது. இரண்டு மூன்று நாளில், சிலருக்கு ஒரு வாரத்தில் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். அதற்காக இது வெறும் ஏமாற்று என்றும் நான் சொல்ல மாட்டேன். 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், சுரண்டிய இடத்தின் மேல்தோலில் முதல் ஏழரை நிமிடத்துக்கு ரத்த ஓட்டம் நான்கு மடங்கு கூடியிருந்தது. 2011-ல் ஜெர்மனியில் நாள்பட்ட கழுத்து வலிக்காரர்கள் 48 பேரிடம் பார்த்ததில், வெந்நீர்ப் பை போலச் சூடு வைத்துக்கொண்டவர்களைவிடக் குவாஷா செய்துகொண்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து வலி குறைவாக இருந்தது. இரண்டுமே சின்ன ஆய்வுகள். இறுகிப்போன தசைக்குச் சில நாள் இளக்கம் கிடைக்கும், அவ்வளவுதான். முகத்தில் தேய்த்தால் கன்னம் ஒட்டும் என்று போனில் காட்டும் வீடியோக்களை இங்கே விட்டுவிடுவோம்.

இப்போது கணவர் விஷயம். வலி இடது தோளில் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வண்டிகளில் கியர் இடது கையில். நாளெல்லாம் அதை இழுத்துத் தள்ளுகிறவருக்கு அந்தத் தோள் இறுகுவது சகஜம். மாரடைப்பு வலியும் அதே தோளுக்கு வரலாம். பல வருஷமாக இந்தப் பக்கம் பிசியோதெரபி செய்கிறவன் என்பதால் சொல்கிறேன், ‘வாயு’ என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு முதலில் பயம்தான் வரும். ஒருநாள் காலை காசிமேட்டில் மீன்கூடை ஏற்றுகிறவர் ஒருவர் வந்தார். தோளை எங்கே அமுக்கினாலும், “அங்க இல்ல சார், உள்ள” என்றார். கையைச் சுழற்றச் சொன்னேன், லேசாகச் சுழற்றினார். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தும் நெற்றி வியர்வை நிற்கவில்லை. தைலம் தேய்க்காமல் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். இசிஜி எடுத்ததும் படுக்க வைத்துவிட்டார்கள்.

விரலால் அமுக்கினால் ‘இங்கேதான்’ என்று துள்ளுவதும், கையைத் திருப்பினால் கூடிக் குறைவதும் பெரும்பாலும் தசை வலி. மேம்பாலப் படி ஏறும்போது வருவது, நின்றால் அடங்குவது, தாடைக்கோ கைக்கோ இறங்குவது, கூடவே வியர்வையோ மூச்சிரைப்போ இருப்பது என்றால் கல்லை எடுக்காதீர்கள். உடனே 108, அல்லது ஸ்டான்லி எமர்ஜென்சி. சர்க்கரைக்காரர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் அசதியாகவும் வரும். இந்தத் தோளை ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்டி இசிஜி எடுத்த பிறகு, தசைதான் என்று உறுதியானால் தேய்க்கலாம்.

தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தாராளமாகத் தடவுங்கள். அண்ணன் கல்லோடு கோடாலித் தைலமும் கொண்டுவந்திருப்பார். சுரண்டிய தோலில் அது எரியும், வேண்டாம். தகட்டைத் தோலோடு பாதி சாய்த்துப் பிடித்து, கழுத்தடியிலிருந்து தோள்முனை வரை ஒரே திசையில் எட்டுப் பத்துத் தடவை இழுங்கள். முதுகெலும்பின் மேலும் கழுத்தின் முன்பக்கமும் கூடாது. மச்சம், பரு, புண், புடைத்த நரம்பு இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். பழைய தடம் முழுசாக மறையும்வரை அதே இடத்தில் மறுபடி தேய்க்கக் கூடாது.

நிறையப் பேர் தப்பு செய்வது இங்கேதான். ‘சிவக்கும்வரை’ என்று வீடியோவில் சொல்வது வெள்ளைத் தோலுக்கு. நம் மாநிறத்தில், அதுவும் வெயிலில் கறுத்த முதுகில், சிவப்பு சுலபத்தில் தெரியாது. தெரியவில்லையே என்று அழுத்தினால் தோல் உரியும், மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பு நிற்கும். நிறத்தைப் பார்க்காதீர்கள். புறங்கையை வைத்துப் பார்த்து இடம் சூடாகியிருந்தாலோ, விரலுக்குச் சொரசொரப்பாகப் பட்டாலோ நிறுத்திவிடுங்கள். அவர் பல்லைக் கடித்தால் அப்போதே நிறுத்துங்கள்.

காய்ச்சலுக்கும் இதைச் செய்கிற வழக்கம் சீனாவில் உண்டு. நம் ஊரில் வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் தட்டணு குறைந்திருக்கும். சுரண்டினால் கசிவு நிற்காது. சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். ஒருவருக்குத் தேய்த்த தகட்டால் இன்னொருவருக்குத் தேய்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் ஒட்டியிருக்கும், மஞ்சள் காமாலைக் கிருமி அப்படியும் பரவும்.

மாமியாருக்கு இருக்கும் சர்க்கரையோடு, ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கல் கூடாது. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுங்கள். அவருக்குச் சூடு சரியாக உறைக்காது என்பதால், முடிப்பை முதலில் உங்கள் முன்கையில் வைத்துப் பத்து வரை எண்ணிப் பாருங்கள்.