வளியின் வலியறிதல்

பகைவரின் வலிமையை எடைபோட்ட பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்பதற்காக ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். வங்கக் கடற்கரையில் வீடு கட்டுவோர் எடைபோட வேண்டிய வலிமை, புயற்காற்றினுடையது. இன்னும் வீசாத காற்றின் வேகத்தை இன்றே கணிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தானே தந்த பாடம்

கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், தெற்கிலிருந்து வீசுவது தென்றல் எனத் திசையைக் கொண்டு காற்றுக்குப் பெயரிட்டனர் தமிழர். கட்டடப் பொறியாளரோ அதன் வேகத்தையும் அறிய வேண்டியவராகிறார்.

2011 டிசம்பர் 30 அன்று காலை, ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது காற்று மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகத்தில் வீசியது. பண்ருட்டிப் பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. குடிசைகளும் ஓட்டு வீடுகளும் கூரையை இழந்தன. அதே காற்றில் சில கட்டடங்கள் அசையாது நின்றன. இந்த வேறுபாட்டிற்கான விடை, கட்டுமுன் செய்யும் கணிப்பிலும் கட்டும் முறையிலும் உள்ளது.

குடத்துள் ஐம்பது ஓலை

ஓர் ஊரில் ஆண்டுதோறும் வீசிய உச்ச வேகத்தைத் தொகுத்து, அதனினும் கடுமையான காற்று வரக்கூடிய வாய்ப்பைப் புள்ளியியல் வழியே கணிப்பர். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 விதித்தொகுப்பின் மூன்றாம் பகுதி, 50 ஆண்டுக் காற்றை அடிப்படையாகக் கொள்கிறது. அதன்படி, சென்னைக்குரிய அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதாவது, மணிக்கு 180 கி.மீ.

50 ஆண்டுக் காற்று என்பது 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் வருவதன்று. ஒரு குடத்தில் 50 ஓலைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் மட்டும் ‘புயல்’ என்று எழுதப்பட்டுள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஓலையை எடுத்துப் பார்த்து, மீண்டும் குடத்துள் இடுகிறோம். புயல் ஓலை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வரலாம். 50 ஆண்டுகளில் அது ஒருமுறையேனும் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு.

புயல் ஓரிடத்தை நேராகத் தாக்குவது அரிது. தாக்கும்போது அளவைக் கருவிகளே பழுதாவதும் உண்டு. ஆகவே, பழைய புயல்களின் பாதை, அழுத்தம், பரப்பு ஆகியவற்றைக் கொண்டு பல்லாயிரம் கற்பனைப் புயல்களைக் கணினியில் உருவாக்கியும் வேகத்தைக் கணிக்கின்றனர்.

வேகமும் விசையும்

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். நொடிக்கு 25 மீட்டர் வேகக் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் 375 நியூட்டன் விசையைத் தருகிறது. 50 மீட்டர் வேகத்தில் அது 1500 நியூட்டனாக உயர்கிறது. இது ஏறத்தாழ 150 கிலோ எடைக்கு நிகர்.

இவ்விசை சுவரைத் தள்ளுவதோடு நிற்பதில்லை. கூரையின்மேல் விரைந்தோடும் காற்று, கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. காற்று வீசும் பக்கத்துச் சன்னல் உடைந்தால், உட்புகும் காற்றும் கூரையைக் கீழிருந்து தள்ளும். ஓரங்களிலும் மூலைகளிலும் இழுவிசை மிகுதி. எனவே, அவ்விடங்களில் தகடுகளைச் சட்டத்துடன் இணைக்கும் திருகாணிகள் நெருக்கமாக அமைய வேண்டும். கூரைச் சட்டம் சுவருடனும், சுவர் அடித்தளத்துடனும் பிணைக்கப்பட வேண்டும். ஓரிடத்தில் பிணைப்பு அறுந்தாலும் வீடு நிலைகுலையும்.

அடைக்கலம் தரும் கட்டடங்கள்

குமராட்சி கடலை ஒட்டிய ஊரன்று. எனினும், கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கி.மீ. வரையுள்ள பகுதியைப் புயலுக்கெனத் தனியே கருதுகிறது 2015ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட விதி. குமராட்சியும் சிதம்பரமும் அதனுள் அடங்கும். தடுப்பில்லாத சமவெளி வயல்களில் காற்றின் வேகம் நகரத்தில் தணிவதுபோல் தணிவதில்லை.

அவ்விதி, புயலுக்குப் பின்னரும் இயங்க வேண்டிய மருத்துவமனை, பள்ளி, புயல் பாதுகாப்பு மையம் போன்றவற்றிற்கு வேகத்தை 1.3 மடங்காகக் கொள்ளச் சொல்கிறது. அழுத்தம் வேகத்தின் இருமடியாதலால், அக்கட்டடங்கள் ஏறத்தாழ 1.7 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். தம் வீட்டை விட்டு வருவோர் நம்பி நுழையும் கூரை, அவர்தம் வீட்டுக் கூரையினும் உறுதியாக இருத்தல் வேண்டும் என்பதே இதன் பொருள். புயலைத் தடுக்க நம்மால் இயலாது. அதன் வலியறிந்து கட்டுதல் இயலும்.

தெரிந்து தெளிவோம்

வங்கக் கடலில் புயல் எனப்படுவதே மேற்குப் பசிபிக்கில் ‘டைபூன்’ என்றும், அட்லாண்டிக்கில் ‘ஹரிக்கேன்’ என்றும் அழைக்கப்படுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 3 நிமிடச் சராசரி வேகத்தை அறிவிக்கிறது. கட்டட விதியோ 3 நொடி வீச்சின் வேகத்தைக் கொள்கிறது. ஒரே புயலிலும் பின்னதன் மதிப்பு மிகுதியாக இருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கட்டடத்தின் கூரை சுவருடன் எவ்வாறு பிணைக்கப்பட்டுள்ளது என்பதை ஆசிரியர் துணையுடன் கண்டறிந்து எழுதுக.
2. ‘தானே’ புயலை நேரில் கண்ட பெரியோரிடம் உரையாடி, நிலைத்து நின்ற கட்டடங்கள் பற்றிய குறிப்பினை வகுப்பில் படித்துக்காட்டுக.

வினாக்கள்

1. ‘50 ஆண்டுக் காற்று’ என்பதன் பொருளைச் சான்றுடன் விளக்குக.
2. புயலின்போது கூரை மேலெழுவதற்கான காரணங்கள் யாவை?
3. புயல் பாதுகாப்பு மையத்தைப் பிற கட்டடங்களினும் உறுதியாகக் கட்ட வேண்டியதன் தேவையை ஆராய்க.