525 மடங்கு என்று விற்றால் வாங்காதீர்கள்

சனியின் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் டெலஸ்கோப் கடைக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெட்டியின் மேல் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், முகப்பு லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்று முதலில் கேளுங்கள். நானும் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், பவர்தானே முக்கியம்" என்றார் கடைக்காரர். அவர் பேச்சை நம்பி வாங்கியும்விட்டேன். இன்னும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

அந்த 525 எப்படி வந்தது என்று பாருங்கள். குழாயின் குவியத் தூரம் 700 மி.மீ. கண்ணருகே 4 மி.மீ. லென்ஸைப் போட்டால் 175 மடங்கு. கூடவே கொடுக்கும் மூன்று மடங்கு பார்லோ லென்ஸைச் செருகினால் 525. கணக்கு சரிதான். ஆனால் அதன் 60 மி.மீ. முகப்பு லென்ஸுக்கு 120 மடங்குதான் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகி மங்குமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது. போதாக்குறைக்கு ஒல்லி முக்காலி. ஃபோகஸ் திருகைத் தொட்டாலே கோள் எகிறிவிடும். தொடாமல் இருந்தாலும் பூமியின் சுழற்சியில் அரை நிமிடத்துக்குள் நழுவிவிடும். எத்தனையோ இரவுகள் வெறும் இருட்டைத்தான் பார்த்தேன். அதே பெட்டியில் 20 மி.மீ. லென்ஸ் ஒன்றும் இருந்தது. அதைப் போட்டதும், வெறும் 35 மடங்கில், வளையத்தோடு சனி கண்ணில் விழுந்தது. வியாழன் பக்கம் திருப்பினால், 1610இல் கலிலியோ பார்த்த நான்கு நிலாக்களும் ஒரே கோட்டில் நின்றன. கடைக்காரர் இந்த லென்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை.

குழாயின் மேல் குறிபார்க்க இருக்கும் சின்ன ஃபைண்டரைப் பகலிலேயே தூரத்துச் செல்போன் டவரின் உச்சியை வைத்துச் சரிசெய்துவிடுங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

கோள் எங்கே இருக்கிறது என்று அறிய நான் பார்ப்பது பஞ்சாங்கம். "சோசியக்காரனாவே ஆயிட்டீங்களா மாமா?" என்று என் மச்சினன் சிரிப்பான். நான் பலனைப் படிப்பதில்லை, கிரகநிலைக் கட்டத்தை மட்டும் பார்க்கிறேன். சித்திரையில் சூரியன் மேஷத்தில், வைகாசியில் ரிஷபத்தில். சூரியன் இருக்கும் ராசி வீட்டிலேயே கோளும் இருந்தால் வெளிச்சத்தில் மறைந்துவிடும். மாடிக்குப் போக வேண்டாம். சூரியன் இருக்கும் வீட்டை ஒன்றாக வைத்து எண்ணி, நான்காம் வீட்டில் இருந்தால் பொழுது சாயும்போது ஏறக்குறைய உச்சியில் நிற்கும். ஏழாம் வீடு என்றால் அந்தியில் கிழக்கே உதித்து விடியும்வரை இருக்கும். பத்துக்கு மேல் என்றால் பின்னிரவுதான்.

ஒரே எச்சரிக்கை, வாக்கியப் பஞ்சாங்கம் வேண்டாம், வானத்தோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கமாகப் பாருங்கள். சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப்படி 2025 மார்ச்சில், வாக்கியப்படி 2026 மார்ச்சில். வானத்தில் தேடுகிறவனுக்கு அந்த வித்தியாசம் பெரிது. இடம் பிடிபட்டதும், நிலா நகரும் பாதையை ஒட்டி, அதிகம் மினுக்காமல் நின்று எரிகிற புள்ளியைத் தேடுங்கள்.

2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பு காட்டி நின்றது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும். 2032 வாக்கில் நன்றாக அகன்று தெரியும். அவசரப்பட்டுக் கடைக்கு ஓடாதீர்கள். இப்போதைக்குக் கையில் இருக்கும் காசுக்கு 10×50 பைனாகுலர் வாங்குங்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நிலாக்கள் அதிலேயே தெரியும்.