தறி எண்ணிக்கை என்று மட்டும் எழுதினால் போதாது

ஆரணி அளவுக்குத் தொடர்ந்து ஆராயப்பட்ட சிறுநகரங்கள் தமிழ்நாட்டில் குறைவு. 1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பசுமைப் புரட்சியைப் பற்றி ஆராய, அன்று ஆரணியும் அடங்கியிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு வந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த பார்பரா ஹாரிஸ்-வைட் ஆரணியின் நெல் வணிகத்தில் தொடங்கி, ஊரின் பொருளாதாரம் முழுவதையும் நாற்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார். 2016இல் அதைப் பற்றி ஒரு தொகுப்பு நூலே வந்தது. அன்றைய எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிட, அன்று என்ன கேட்டார்கள், எதை எண்ணினார்கள் என்ற குறிப்பும் கூடவே வேண்டும்.

ஆரணி நெசவாளர் குடும்பக் கணக்கெடுப்புகளைப் பிறர் பயன்படுத்தும்படி தொகுத்துத் தருவது என் வேலை. இதில் நான் அதிக நேரம் செலவிடுவது விளக்கக் குறிப்புக்குத்தான்.

'தறி: 2' என்ற பதிவை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஓடுகின்றனவா, ஒன்று பாவு இல்லாமல் கிடக்கிறதா? சொந்தத் தறியா, முதலாளி கொடுத்ததா? கூலி என்றால் சிக்கல் இன்னும் கூடும். கூலி மாதச் சம்பளமாக வருவதில்லை. புடவை முடிந்தால்தான் வரும். வாங்கிய முன்பணத்துக்குப் பிடித்தம் போகக் கைக்கு வந்ததா, பிடிப்பதற்கு முந்தைய தொகையா? நூல் சுற்றிக் கொடுத்த மனைவியின் உழைப்பு அதில் அடங்குமா? இவற்றுக்கு ஒவ்வொரு வரி பதில் இருந்தால்தான் அந்த நெடுவரிசையை அடுத்தவர் நம்பிக் கூட்ட முடியும்.

கேள்வியைத் தமிழில் கேட்டபடியே சேர்த்து வையுங்கள். கேட்ட மாதத்தையும் எழுதுங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஐப்பசி மழையில் தெருவில் பாவு நீட்ட முடியாது. 'சென்ற மாத வருமானம்' இந்த மாதங்களில் ஒரு மாதிரி, தையில் வேறு மாதிரி இருக்கும்.

சுற்றுக் கிராமங்களில் நிலத்தைக் காணியில் சொல்வார்கள். ஒரு காணியை எத்தனை ஏக்கராக மாற்றினீர்கள் என்று குறியுங்கள். சொன்னபடியே உள்ள எண்ணையும் அழிக்காதீர்கள். வெற்றிடமும் பூஜ்யமும் ஒன்றல்ல: கடன் இல்லை என்றவர் வேறு, சொல்ல மறுத்தவர் வேறு.

ஊர்ப்பெயருடன் ஆண்டும் வேண்டும். 1989இல் வட ஆர்க்காடு பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் வந்தது. 2019இல் மறுபக்கமான வேலூர் மாவட்டமும் மூன்றானது. பழைய கோப்பின் மாவட்ட எண்ணை இன்றைய வேலூரோடு ஒப்பிட்டால் வேறொரு நிலப்பரப்பின் கதைதான் கிடைக்கும்.

பெயரை நீக்கிவிட்டால் ஆள் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. தெரு, சாதி, தறி எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தால் ஆரணியில் யார் வீடு என்று பக்கத்துத் தெருக்காரர் சொல்லிவிடுவார். தெருவை நீக்கி வார்டாகத் தொகுப்பேன். வார்டும் சிறியதென்றால் அதையும் விட்டுவிடுவேன். எதை ஏன் நீக்கினேன் என்பதும் குறிப்பில் இருக்கும்.

கடைசியில், களத்துக்கே வராத ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து, சராசரிக் கூலியை மட்டும் கணக்கிடச் சொல்லுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் வாயால் பதில் சொல்லாமல், விளக்கக் குறிப்பில் எழுதி, அதைப் படித்தே தொடரச் சொல்லுங்கள்.