ஜாலான் புசாரில் ஆட்டம், முஸ்தபாவில் இரவு

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் முஸ்தபா சென்டர் கடையைத் தவறவிடுவதில்லை. அங்கிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஜாலான் புசார் விளையாட்டரங்கை எட்டிப் பார்க்கிறவர்கள்தான் குறைவு. கால்பந்து மேல் கொஞ்சமாவது பிடிப்பு இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்து நீங்கள் வெளியே வரும்போதும் கடை திறந்திருக்கும்.

முதலில் ஆட்டத்தின் தேதியைப் பாருங்கள், கடைக்குப் போகும் நாளைப் பிறகு முடிவு செய்யலாம். அரங்கில் தினமும் ஆட்டம் கிடையாது. சிங்கப்பூர் பிரீமியர் லீக் அட்டவணையைப் பார்த்து, ஜாலான் புசாரில் ஆட்டம் நடக்கும் மாலையைப் பிடியுங்கள். நீலப் பாதை ரயிலில் பெண்டமியர் நிலையத்தில் இறங்கினால் அரங்கு அருகில்தான். தனியாகப் பயண அட்டை வாங்கவும் தேவையில்லை. தொடாமல் பணம் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையே நுழைவாயிலில் செல்லும்.

ஜாலான் புசார் என்றால் மலாய் மொழியில் பெரிய சாலை. அரங்கு அப்படியொன்றும் பெரிதல்ல, சுமார் 6,000 பேர் உட்காரலாம். ஆனால் சிங்கப்பூர்க் கால்பந்தின் பிறந்த வீடு அதுதான். 1929 டிசம்பரில் திறந்தார்கள். 1942-ல் ஜப்பானியர் சீன ஆண்களைப் பிரித்தெடுத்துக் கொல்லக் கொண்டுபோன சோதனை மையங்களில் இதுவும் ஒன்று. அங்கே உட்காரும்போது அதையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். 1973-ல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் வரும்வரை சிங்கப்பூரும் விளையாடிய மலேசியக் கிண்ண ஆட்டங்களின் கூச்சல் எழுந்தது இந்தத் திடலில். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டி, 2003-ல் மறுபடி திறந்தார்கள்.

தமிழ் வாசகர் தெரிந்துகொண்டு போகவேண்டிய சில பெயர்கள் உண்டு. 1970-களில் கார்னரிலிருந்து உதைத்த பந்தை அப்படியே வளைத்து வலைக்குள் இறக்கியவர் எஸ். ராஜகோபால். 1977-ல் கோலாலம்பூரில் பினாங்கை 3-2 என்று வென்று மலேசியக் கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அணியின் தலைவர் சமது அல்லாபிச்சை. இரண்டு கோல் போட்டவர் குவா கிம் சோங். பிறகு வந்த வி. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் அணிவரை போய் விளையாடினார். பின்னாளில் தேசிய அணிக்கே பயிற்சியாளரானார். 1993-ல் புருணைக்கு எதிராக அவர் முதுகைத் திருப்பி, அந்தரத்தில் தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோலைப் பற்றி நடுவயது ரசிகர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பேச்சு எளிதில் முடியாது.

1994-ல் ஃபாண்டி அகமது தலைமையில் அதே மலேசியக் கிண்ணத்துக்காகப் பகாங்கை 4-0 என்று வீழ்த்தியதுதான் உச்சம். நுழைவுச்சீட்டு வருமானத் தகராறில் அடுத்த ஆண்டே சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளை விட்டு வெளியேற, 1996-ல் உள்ளூர் லீக் தொடங்கியது. எல்லைக்கு அப்பால் ஒரு எதிரி இருந்தபோது காலாங்கில் கேட்ட முழக்கம் அதன்பின் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. இங்கிலாந்து அணிகளின் சட்டை போட்டவர்களைத் தெருவெங்கும் பார்க்கலாம். உள்ளூர் ஆட்டத்துக்கு வருகிறவர்கள் சில நூறு, சில ஆயிரம் பேர்தான். மேளம் தட்டிக்கொண்டு, தோற்றாலும் மறுவாரம் வந்து நிற்கும் அந்தச் சிறு கூட்டத்தின் நடுவே போய் உட்காருங்கள். அங்கே ஒரு நாற்காலி கூடுதலாக நிரம்பினாலும் அதற்கு மதிப்பு இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் ஜாலான் புசார் சாலையில் தெற்கு நோக்கி நடந்து, சையது ஆல்வி சாலை வந்ததும் வலப்புறம் திரும்புங்கள். முஸ்தபாவின் விளக்குகள் தெரியும். உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த குடும்பம் 1971-ல் தொடங்கிய துணிக்கடை, 1995-ல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. தொற்றுக்காலத்துக்கு முன்பு 24 மணி நேரமும் திறந்திருந்தது; இப்போது காலை 9.30 முதல் பின்னிரவு 2 வரை.

கடைக்குள் போகும்போது கையில் பெரிய பை வேண்டாம். வாசலிலேயே பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிவிடுவார்கள். கைபேசியையும் பணப்பையையும் முன்கூட்டியே வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதைகள் குறுகல், அடுக்குகள் கூரைவரை. ஊருக்கு வாங்கிப் போகிறவர்கள் முதலில் தேடுவது கோடாலித் தைலம். 1928-லிருந்து இருக்கும் சிங்கப்பூர்ச் சரக்கு அது. சாக்லேட், சோப்பு, கைக்கடிகாரம், விளையாட்டுக் காலணி எல்லாம் பிறகு. எல்லாமே மலிவு என்று நம்பிவிடாதீர்கள். மின்சாதனங்களுக்கு ஊரில் என்ன விலை என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையாமல் வாங்கினால் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியின் பெரும்பகுதியை, விமானத்தில் ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணி திரும்பக் கேட்கலாம். பணம் கட்டும்போதே சொல்லிவிடுங்கள். பெட்டியில் போகும் பொருளாக இருந்தால், சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே வரிக்கான இயந்திரத்துக்குப் போக வேண்டும்.

ஞாயிறு மாலை வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அன்றுதான் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்பவர்களுக்கு ஓய்வு. முஸ்தபா இருக்கும் தேக்கா வட்டாரம் முழுக்கத் தலைகள். நெரிசல் தாங்கினால் போங்கள். ஊர்ப் பேச்சும் ஊர்ச் சாப்பாடும் அந்த மாலையில்தான் தெருவில் நிறைந்திருக்கும்.

நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும். அதன்பின் டாக்சியில் மீட்டர் கட்டணத்தோடு பாதி கூடுதல். எனவே பதினொன்றரைக்குள் சாமான்களோடு வெளியே வந்து, பக்கத்தில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, ஃபேரர் பார்க் நிலையத்தில் ஊதாப் பாதை ரயிலைப் பிடியுங்கள். தேநீர்க் கடையில் அரங்கிலிருந்து வந்த யாராவது உட்கார்ந்திருந்தால், ஆட்டம் எப்படி என்று தமிழிலேயே கேட்கலாம்.