ஜி.ஹெச்-க்குப் போகிறீர்களா?

வெளியூரிலிருந்து சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு வருபவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கினால், அங்கிருந்து நேரே ஆட்டோ பிடிக்க வேண்டாம். மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். சாலை நெரிசலில் மாட்டாத வழி இது.

நோயாளிக்கு மூட்டுவலியோ மூச்சிரைப்போ இருந்தால் கணக்கே வேறு. மின்சார ரயில் நிலையங்களில் பெரும்பாலும் படிக்கட்டு ஏறி இறங்க வேண்டியிருக்கும். அவர்களைக் கிண்டியில் இறக்கி மெட்ரோவுக்கு மாற்றிவிடுங்கள். லிஃப்ட் உண்டு, சென்ட்ரல் வரை வண்டி மாற வேண்டாம். கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் அந்த மூச்சுக்கு அது தகும். துணைக்கு வருபவர் முன்னால் ஓடாமல், நோயாளியின் நடைக்கு நடக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் டிக்கெட் இலவசம், டீலக்ஸ், ஏ.சி. வண்டிகளில் கிடையாது. ஏறுமுன் பலகையைப் பாருங்கள்.

புறநோயாளிச் சீட்டு காலையில்தான். அதனால் அலுவலகக் கூட்டத்துக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தால் இட்லிப் பொட்டலம் பையிலேயே இருக்கட்டும். பழைய சீட்டு, ஸ்கேன், ஆதார் நகல் எல்லாம் ஒரே உறையில் போட்டு, அதைத் துணைக்கு வருபவர் கையில் கொடுங்கள்.